தேடினால் கிடைக்காததெல்லாம் நடக்காததா?

பதிவு கொஞ்சம் நீளம். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள், பாதியில் வேண்டாம்.

எங்கள் பாடசாலைகளில் வரவு இடாப்பிலிருந்து ஒரு பிள்ளையின் பெயரை வெட்டுவதென்றால் காரணம் எழுத வேண்டும், திகதி போட வேண்டும், அதிபர் கையொப்பம் வைக்க வேண்டும். மாரியில் வாவி நிரம்பி முகத்துவாரத்தை வெட்டிவிடுவதென்றால், வயல்காரரும் மீன்பிடிக்கிறவரும் கச்சேரியில் சத்தம்போட்டு முடிந்த பிறகுதான் வேலை தொடங்கும். அரசாங்கம் எங்கள் கழுத்தில் கத்தி வைப்பதாக இருந்தாலும் வர்த்தமானியில் போட்டுவிட்டுத்தான் வைக்கிறது. ஆனால் எங்கள் ஊர்களின் செய்தி, மரண அறிவித்தல், கொடுக்கல் வாங்கல், சண்டை, சாட்சியம் எல்லாவற்றையும் தன் மடியில் வைத்திருக்கும் பேஸ்புக் கம்பனி, அவற்றைத் தேடி எடுக்கும் வழியை அடைத்தபோது எங்களுக்கு ஒரு வரி சொல்லவில்லை. எங்களுக்கு மட்டுமல்ல, உலகத்தில் யாருக்குமே முன்கூட்டிச் சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்கிறோம். 2013 ஜனவரியில் மார்க் சக்கர்பேர்க் மேடையேறி 'கிராப் சேர்ச்' என்ற ஒன்றைப் பெருமையாக அறிமுகப்படுத்தினார். சாதாரணத் தேடலில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் உள்ள பதிவு வரும், அல்லது வராது. கிராப் சேர்ச்சில் கேள்வியாகவே கேட்கலாம். இன்ன ஊரில் எடுத்த படங்கள், இன்ன ஊரில் இருப்பவர்கள் போட்ட வீடியோக்கள், இன்ன மாதத்தில் இன்ன விடயம் பற்றி எழுதிய பொதுப் பதிவுகள் என்று வடிகட்டி எடுக்கலாம். 2014 டிசம்பரில் அதை முன்வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பின்கதவு திறந்திருந்தது. முகவரிப் பட்டையில் சரியான வரியைத் தட்டத் தெரிந்தவர்கள் தொடர்ந்து பாவித்தார்கள். தட்டத் தெரியாதவர்களுக்காகச் சிலர் இலவசக் கருவிகளும் செய்து கொடுத்தார்கள். 2019 ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் அந்தக் கதவும் மூடப்பட்டது. கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போயின. செய்தியாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் கத்தத் தொடங்கிய பிறகுதான் கம்பனி வாய் திறந்தது. பெரும்பாலான ஆட்கள் சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார்களாம். அதனால் இதில் சில பகுதிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். விளக்கம் அவ்வளவுதான்.

2019 ஜூன் முதல் வாரம் எங்களுக்கு எப்படி இருந்தது என்று யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் திகதிகளை வரிசையில் வைத்துப் பாருங்கள்.

ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். மே 12 சிலாபம். ஒரு முஸ்லிம் வியாபாரி அரைகுறை ஆங்கிலத்தில் முகநூலில் எழுதிய ஒரு வரி மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டு, கடைகளுக்குக் கல் விழுந்தது. மே 13 குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, மினுவாங்கொடை. பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தன. நாத்தாண்டியாப் பக்கத்தில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். மே 23 குருநாகல் டாக்டர் ஷாபி ஆயிரக்கணக்கான தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்ற பொய், பெயர் போடாமல், ஒரு சிங்களப் பத்திரிகையின் முதல்பக்கத்தில் வந்தது. மறுநாள் அவர் கைது. அதற்குப் பிறகு முகநூலில் அந்தப் பொய் பெருகிய வேகம் எங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்தது. ஜூன் 3 முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் ஒரே நாளில் இராஜினாமா, இரண்டு ஆளுநர்களும் கூடவே. அடுத்து வந்தது நோன்புப் பெருநாள். புது உடுப்புப் போட மனமில்லாமல் கழிந்த பெருநாள்.

அந்த வாரத்தில்தான் கதவை மூடினார்கள். டாக்டர் ஷாபி அப்போது தடுப்புக் காவலில் இருந்தார். யார் எந்த நேரத்தில் எதை எழுதினார், எந்தப் பக்கம் அதைப் பரப்பியது, மினுவாங்கொடையில் அந்தப் பின்னேரம் யார் வீடியோ எடுத்தார் என்று பொதுவில் கிடந்த சாட்சியங்களைச் சேர்க்கவேண்டிய வாரம் அது. கம்பனி எங்களைக் குறிவைத்துச் செய்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அவர்களுக்கு எங்களைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று ஆகிவிடும். எங்கள் குற்றச்சாட்டு அதைவிட மோசமானது. அவர்கள் எங்களை நினைக்கவே இல்லை.

சாட்சியம் என்ற சொல்லைச் சும்மா பாவிக்கவில்லை. 2017 ஆகஸ்டில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் லிபியாவின் தளபதி ஒருவருக்குப் பிடிவிறாந்து பிறப்பித்தது. அதற்குப் பெரும் ஆதாரமாக இருந்தவை சமூக ஊடகங்களில் வெளிவந்த வீடியோக்கள். ஹேக் நகரத்து நீதிபதிகள் முகநூல் வீடியோவைப் பார்த்து விறாந்து எழுதுகிற காலத்தில், அந்த வீடியோவைக் கண்டுபிடிக்கும் வழியை "கன பேர் பாவிப்பதில்லை" என்று சொல்லி மூடுவதா? ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் எல்லோரும் போவதில்லைதான்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி வரும், எங்கள் சகோதரிகள்தான் முதலில் கேட்பார்கள். அந்தக் கிராப் சேர்ச் பெண் பிள்ளைகளைப் பின்தொடரும் ஆட்களுக்கும் வசதியாகத்தானே இருந்தது? உண்மை. ஒரு பிள்ளை எந்தப் படத்துக்கு லைக் போட்டாள், யார் யாருடைய படத்தில் இருக்கிறாள் என்று அந்நியன் ஒருவன் நோண்டியெடுக்கலாம் என்பது ஆபத்து. அதைப் பூட்டியதற்கு நாங்கள் அழப்போவதில்லை. ஆனால் ஒரு தனியாளின் வாழ்க்கையை நோண்டுவது வேறு. ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் பக்கம் ஒன்று இன்ன திகதியில் என்ன எழுதியது என்று பார்ப்பது வேறு. முதலாவதைப் பூட்டு, இரண்டாவதைத் திற என்று எங்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கேட்கவில்லை. அவர்கள் கொடுத்த காரணமும் பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு இல்லை. ஆட்கள் பாவிப்பது குறைவு என்ற வியாபாரக் கணக்குத்தான்.

சொல்லாமல் மாற்றுவது அவர்களுக்குப் புதுப் பழக்கமும் இல்லை. 2017 ஒக்டோபரில் எங்கள் நாட்டையே பரிசோதனைக்கூடம் ஆக்கினார்கள். இலங்கை, பொலிவியா, கம்போடியா, குவாத்தமாலா, சேர்பியா, சிலோவாக்கியா என்று ஆறு நாடுகள். நண்பர்கள் போடுவது மட்டும் வழமையான பக்கத்தில் தெரியும். செய்தித் தளங்கள், அமைப்புகள், ஊர்ப் பக்கங்கள் காசு கட்டி விளம்பரம் போடாவிட்டால் 'எக்ஸ்ப்ளோர்' என்ற வேறோர் அறைக்குள் போய்விடும். அந்த அறையைத் தேடிப்போனவர் எத்தனை பேர்? எங்களில் அனேகருக்கு அப்படி ஓர் அறை இருந்ததே தெரியாது. 2017 நவம்பரில் ஜிந்தோட்டை எரிந்தபோது அந்தப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, கொத்து ரொட்டியில் கருத்தடை மாத்திரை என்று அம்பாறையில் கடையை உடைத்தபோதும் நடந்துகொண்டிருந்தது. மார்ச் 1ஆம் திகதிதான் முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். முக்கியமான தகவல்கள் மக்களுக்குக் கிடைப்பதைக் கடினமாக்கிவிட்டோம், பரிசோதனை பற்றித் தெளிவாக அறிவிக்கவுமில்லை என்று முறைப்பாடு வந்ததாக அவர்களே எழுதினார்கள். மூன்று நான்கு நாட்களில் திகன.

அம்பாறைக்கும் திகனவுக்கும் அந்தப் பரிசோதனைதான் காரணம் என்று யாராவது சொன்னால் நாங்கள் ஏற்கமாட்டோம். கல்லை எறிந்தது மனிதக் கை. ஆனால் வதந்தி நண்பனின் பதிவாக வீட்டுக்குள் வரும்போது, அதை மறுக்கும் செய்தி பக்கத்து அறையில் பூட்டிக் கிடந்தது. அந்த மார்ச் மாதத்தில், முஸ்லிம்களைக் கைக்குழந்தையைக்கூட விடாமல் கொல்லச் சொன்ன ஒரு சிங்களப் பதிவை ஆட்கள் முறையிட்டார்கள். ஆறு நாட்களுக்குப் பிறகு, இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. 2020 மே மாதத்தில், 2018 வன்முறையில் தங்கள் தளத்தின் பங்குக்காகக் கம்பனி மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லது. ஆனால் அந்த மன்னிப்புக்கு முந்திய வருடம்தான் கிராப் சேர்ச்சை மூடினார்கள் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துக் காட்டவில்லை.

2024இல் வந்த அடியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 'கிரவுட்டேங்கிள்' என்று ஒரு கருவி இருந்தது. எந்தப் பொதுப் பதிவு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று ஊடகங்களும் ஆய்வாளர்களும் அதில் பார்ப்பார்கள். தேர்தல் வருடம், கொஞ்சம் பொறுங்கள் என்று உலகம் முழுவதிலுமிருந்து அமைப்புகள் எழுதிக் கேட்டன. கேட்காமல் ஆகஸ்ட் 14ஆம் திகதி மூடினார்கள். எங்கள் ஜனாதிபதித் தேர்தல் செப்டம்பர் 21. இதையாவது முன்கூட்டி அறிவித்தார்கள், அதை ஒத்துக்கொள்கிறோம். பதிலாக வந்த கருவியைப் பாவிக்க ஆய்வு நிறுவனம் மூலம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஏறாவூரில் ஊர்ச் செய்திப் பக்கம் நடத்தும் தம்பிக்கு அது கிடைக்குமா?

இதில் எங்களை அதிகம் எரிச்சல்படுத்துவது வேறொன்று. எங்களைத் தேடிப்பிடிக்க வேண்டியவர்களுக்கு ஒரு தேடல் பிரச்சினையும் வருவதில்லை. ரம்சி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தரை நினைவிருக்கிறதா? 2020 ஏப்ரல் 2ஆம் திகதி, பேனையாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் செய்வோம் என்று முகநூலில் எழுதினார். கொலை மிரட்டல் வந்தது, பொலிஸில் முறையிட்டார். மிரட்டியவர்கள் வெளியே இருந்தார்கள், 9ஆம் திகதி கைதானவர் அவர்தான். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்து நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. ஒரு முஸ்லிமின் ஒரு சொல்லை நாடு முழுவதும் ஒரே நாளில் கண்டுபிடிக்க முடிகிறது. எங்களைக் கொல்லச் சொன்ன நூறு பதிவுகளைத் திகதியோடும் லிங்கோடும் கொண்டுபோய்ப் பொலிஸில் கொடுக்க எங்களால் முடிவதில்லை. "எங்கே, காட்டுங்கள்?" என்று கேட்டால், போனை நோண்டிக்கொண்டு நிற்கிறோம்.

காத்தான்குடிக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். சஹ்ரான் உங்கள் ஊர்தானே என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்த ஆளுக்கு எதிராக ஊர் மக்கள் வருடக்கணக்காக முறையிட்டது பாராளுமன்றத் தெரிவுக்குழு வரைக்கும் பேசப்பட்டது. எத்தனை பேருக்கு அது தெரியும்? 2017இல் அலியார் சந்தியில் நடந்த மோதலுக்குப் பிறகு ஊர் என்ன நிலையில் இருந்தது என்பதை அன்றே எழுதிய பதிவுகளால் காட்டுவது ஒன்று, இன்றைக்கு வாயால் சொல்வது இன்னொன்று. இன்றைக்குச் சொன்னால் சமாளிப்பு என்பார்கள். அன்றைய திகதி போட்ட எழுத்துக்குத்தான் பெறுமதி. அந்தத் திகதியைத் தேடிப்போகும் வழிதான் எங்கள் கையில் இல்லை.

சண்டை சச்சரவை விடுங்கள், ஜனாஸாவுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி எல்லோரையும் எரிக்கச் சொன்னது. டிசம்பரில் இருபது நாள் பாலகனையும் எரித்தார்கள். நாடே வெள்ளைத் துணி கட்டியது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச் 5ஆம் திகதி எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அதன் பிறகு ஒரு வருடத்தில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, வேறு சமயத்தவரும் உண்டு. பெரும்பாலான குடும்பங்கள் முழுமையாக வந்து நிற்க முடியவில்லை. படம், இலக்கம், நேரம், துஆ எல்லாம் அப்போது முகநூலிலும் வட்ஸ்அப்பிலும்தான் ஓடின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. ஆனால் அந்த ஒரு வருடத்தின் கதை, எழுதியவர்களின் முகநூல் சுவர்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பத்து வருடம் கழித்து ஒரு பேரப்பிள்ளை தேடினால் எது வரும்? 'ஜனாஸா' என்று ஒருவர் எழுதியிருப்பார், 'ஜனாசா' என்று இன்னொருவர். முஹம்மத், முகம்மது, முஹம்மது மூன்றும் ஒரே மனிதர். 'ஓட்டமாவடியில்' என்று எழுதியதும் 'ஓட்டமாவடி' என்று எழுதியதும் ஒரே இடம் என்பது ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டும் என்பதை இந்தத் தேடல்பெட்டிகளுக்கு யார் படிப்பிப்பது? போதாததற்கு எங்கள் மரண அறிவித்தல்கள் பாதிக்கு மேல் படமாகத்தான் வருகின்றன. பின்னணியில் ரோஜாப் பூவோடு.

1990 ஆகஸ்ட் 3 இஷாத் தொழுகையில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். தப்பியவர்களில் பலர் பிற்காலத்தில்தான் வாய் திறந்தார்கள், அதில் எவ்வளவோ முகநூலில் எழுதப்பட்டது. சிலர் இன்று ஹயாத்தில் இல்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் படம் போடுகிறோம், துஆ கேட்கிறோம், மறுவருடம் அதே படத்தைத் திரும்பப் போடுகிறோம். போன வருடம் அதன் கீழே ஒரு மூதாட்டி எழுதிய பத்து வரியை மீண்டும் எடுக்கத் தெரிவதில்லை.

"ஓசியில் தருகிறான், பிறகென்ன நியாயம் கேட்கிறீர்கள்?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். ஓசி இல்லை. 2015இல் இரண்டு இலட்சம் கோடி பதிவுகளைத் தேடலாம் என்று அந்தக் கம்பனி விளம்பரம் செய்தது. அந்தப் பதிவுகளை எழுதியது யார்? அவர்களா? நாங்கள் எழுதினோம், நாங்கள் படம் எடுத்தோம், எங்கள் டேட்டாக் காசில் ஏற்றினோம். அதற்குப் பக்கத்தில் விளம்பரம் போட்டு அவர்கள் சம்பாதித்தார்கள். வாவியில் யாரோ வலை கட்டி வைத்தால் மீன் அவருக்கு. ஆனால் வாவியையே தன்னுடையது என்று சொன்னால்?

கேட்டால் நடக்காது என்பதும் பொய். ஐரோப்பாவில் நடந்திருக்கிறது. 2024 பெப்ரவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த அவர்களுடைய டிஜிட்டல் சேவைகள் சட்டம், விதிமுறைகளைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றினால் பாவனையாளருக்கு அறிவி என்கிறது. தேடலில் வருவதை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறாய் என்று எளிய மொழியில் எழுதி வை என்கிறது. பொதுவில் உள்ள தரவைப் பெரிய தளங்கள் ஆய்வாளருக்குத் திறந்துவிட வேண்டும் என்கிறது. அதே மாதத்தில் எங்கள் நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எதை நீக்கலாம், யாரைத் தண்டிக்கலாம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. கம்பனி எங்களுக்கு என்ன சொல்லவேண்டும் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில் பிரதேச செயலகத்திடம் கேள்வி கேட்கலாம், பேஸ்புக்கிடம் கேட்க முடியாது. அந்தச் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று பேசும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள், நீக்குவதைப் பற்றி மட்டும் பேசாமல் இதையும் சேர்த்துக் கேட்கட்டும்: தேடலை மாற்றுவதென்றால் முப்பது நாளுக்கு முன்னால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அறிவித்தல். பொதுப் பக்கங்களின் பதிவுகளைத் திகதி வாரியாகத் தேடும் வசதி, எல்லோருக்கும். வெள்ளக் காலத்தில் எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்று தேடும் ஆளுக்கும் அதுதான் தேவை. போன வருட வெள்ளத்தின் படம் வந்து என்ன பிரயோசனம்?

சட்டம் வரும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. பள்ளிவாசல் பக்கம், விளையாட்டுக் கழகப் பக்கம், ஊர்ச் செய்திப் பக்கம் நடத்தும் தம்பிமார் இந்தக் கிழமையே செட்டிங்ஸில் போய் உங்கள் பக்கத்தின் முழுப் பிரதியையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் போடுங்கள். மரண அறிவித்தலைப் படமாகப் போட்டால், பெயர், ஊர், திகதி மூன்றையும் எழுத்திலும் போடுங்கள். வெறுப்புப் பதிவைக் கண்டால் ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. லிங்க், பக்கத்தின் பெயர், நீங்கள் பார்த்த திகதி, நேரம் எல்லாம் ஒரு கொப்பியில் இருக்கட்டும். 1990 பற்றிய சாட்சியங்கள், மஜ்மா நகர் பற்றிய குறிப்புகள் யாரிடம் இருந்தாலும், குடும்பத்தின் சம்மதத்தோடு நூலகம் இணையத்தளத்துக்குக் கொடுப்போம். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் யாருடைய விளம்பரமும் இல்லாமல் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அங்கே தேடினால் கிடைக்கிறது.

தட்டச்சுச் செய்யவும் ஸ்கேன் பண்ணவும் தெரிந்த பிள்ளைகள் எங்கள் உயர்தர வகுப்புகளில் இருக்கிறார்கள். வீட்டில் பழைய கடிதம், நோட்டீஸ், கையெழுத்துக் குறிப்பு வைத்திருக்கும் பெரியவர்கள் சொல்லியனுப்புங்கள். பிள்ளைகளோடு நாங்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு, மூலப் பிரதியை அன்றைக்கே திருப்பித் தருவோம்.